பன்னிரண்டு வயதில் என்ன அவசரம்?

ஃபோர்ட் கொச்சியின் பரேடு மைதானம் விளையாட்டுக்கென்று ஒதுக்கிய இடமல்ல. ஐரோப்பியப் படைகள் அணிவகுத்து நின்ற திடல் அது. வாஸ்கோடகாமாவை 1524இல் முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயம் அதன் ஓரத்தில் இருக்கிறது. படைகள் போன பிறகு மைதானத்தை எடுத்துக்கொண்டவர்கள் பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேர் மட்டாஞ்சேரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். பஜார் ரோட்டின் மிளகுக் கிடங்குகள், செர்ளாயியின் கொங்கணி வீடுகள், குஜராத்திகளின் தெரு, தமிழ் பேசும் வண்ணார்கள் இன்றும் துணி வெளுக்கும், ‘வெளி’ என்ற பகுதியின் தோபிகானா என எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்கும் ஊர் அது. அங்கே வீட்டு வாசலில் ஒரு பந்தை ஓங்கி உதைக்க இடமில்லை. உதைக்க வேண்டுமானால் பரேடு மைதானத்துக்கோ வெளி மைதானத்துக்கோதான் போக வேண்டும்.

இடம் ஒன்று, ஆட்டங்கள் பல. கால்பந்துக்கு ஒரு திடல், ஹாக்கிக்கு இன்னொன்று, கிரிக்கெட்டுக்கு வேலி போட்ட மூன்றாவது என்று பிரித்துக் கொடுக்க அந்த ஊரில் நிலமில்லை. இந்த நெருக்கடியிலிருந்து நன்மை ஒன்று விளைந்தது. அதை நம் விளையாட்டுத் துறை இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

பரேடு மைதானத்தைப் பற்றிப் பேசினால் ரூஃபஸ் டிசூசாவிடம்தான் தொடங்க வேண்டும். பிள்ளைகளுக்கு அவர் ரூஃபஸ் அங்கிள். கால்பந்தும் ஹாக்கியும் ஆடியவர். இரண்டையும் பல பத்தாண்டுகள் அதே மண்ணில் சொல்லிக்கொடுத்தவர். தலைமுடி வெளுத்து முதுமை வந்த பிறகும் விடிகாலையில் மைதானத்துக்கு வந்து நின்றவர். ஹாக்கி மட்டையை எடுத்த பையனிடம் கால்பந்தை மறந்துவிடு என்று சொல்ல அவருக்குக் காரணமே இல்லை; இரண்டும் அவர் கையில்தான் இருந்தன. அவரிடம் பயின்றவர்களில் தினேஷ் நாயக் 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியில் ஆடினார். இதே ஃபோர்ட் கொச்சி மண்ணில் விளைந்த டி.ஏ. ஜாஃபர், 1973இல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அணியின் துணைத் தலைவராக இருந்தார். அந்த இறுதிப் போட்டி நடந்தது தண்ணீருக்கு அக்கரையில், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில். ரயில்வே அணியைக் கேரளம் 3-2 என்று வீழ்த்தியது. மூன்று கோல்களையும் அடித்த அணித் தலைவருக்கு அன்றிலிருந்து ‘கேப்டன் மணி’ என்பதே பெயராகிவிட்டது.

ஒரே வட்டாரத்து மண் ஒருவரை ஹாக்கியில் ஒலிம்பிக் வரைக்கும் மற்றொருவரைக் கால்பந்தில் மாநிலத்தின் முதல் கோப்பை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது. இதற்கு மண்ணின் வளத்தைக் காரணமாகச் சொல்வது எளிது. எனக்கு அது போதவில்லை.

அதே எர்ணாகுளம் மாவட்டத்தின் உள்ளே, கிழக்கம்பலம் என்ற கிராமத்தில் 1988இல் பிறந்தவர் பி.ஆர். ஸ்ரீஜேஷ். விவசாயக் குடும்பம். திருவனந்தபுரத்தில் உள்ள ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் அவர் சேர்ந்தபோது பன்னிரண்டு வயது. அதற்கு முன்பு ஓடினார், நீளம் தாண்டினார், கைப்பந்து ஆடினார். ஹாக்கி கோல்கீப்பர் ஆகலாம் என்ற யோசனையே அந்தப் பள்ளிக்குப் போன பிறகு பயிற்சியாளர்கள் சொல்லித்தான் வந்தது. காலில் கட்டும் பேடு முதலான சாமான்கள் வாங்க அப்பா பசுவை விற்றார் என்பதை ஸ்ரீஜேஷ் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பிறகு நடந்தது நாடறிந்த கதை: 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசி வினாடிகளில் வந்த பெனால்டி கார்னரை அவர் தடுத்தார். நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. 2024இல் பாரிஸில் இன்னொரு வெண்கலத்தோடு ஓய்வு பெற்றார்.

அந்தக் கோல்கீப்பரின் உடலைக் கவனியுங்கள். பக்கவாட்டில் வெடித்துப் பாயும் கால்கள் ஓட்டத்திலும் தாண்டுதலிலும் பழகியவை. மேலே வரும் பந்தின் வழியை முன்கூட்டியே கணக்கிடும் கண் கைப்பந்தில் பழகியது. எது எதிலிருந்து வந்தது என்று அறுதியிட்டுப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எனினும் பன்னிரண்டு வயதுவரை ஹாக்கி மட்டையே தொடாத ஒருவர் உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரானார் என்பது அப்படியே நிற்கிறது. நான்கு வயதில் அகாடமியில் சேர்த்து, ஏழு வயதில் ‘ஸ்பெஷல் கோச்சிங்’ வைத்து, பத்து வயதில் பிற ஆட்டங்களை எல்லாம் விடச் சொல்லும் இன்றைய பெற்றோரின் கணக்குக்கு இது ஒத்துவராது.

ஒரே ஒருவரை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஆர்னே குல்லிக், புரூக் மெக்னமாரா, டேவிட் ஹாம்பிரிக் ஆகிய மூவரும் உலகெங்கும் நடந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து 2022இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் 6,096 விளையாட்டு வீரர்களின் தகவல் அடங்கியிருந்தது. அவர்களில் 772 பேர் உலகின் உச்ச வரிசையில் இருந்தவர்கள். கிடைத்த முடிவு இரண்டு திசையில் ஓடுகிறது. இளையோர் பிரிவில் முன்னணியில் இருந்தவர்கள் தங்கள் ஆட்டத்தைச் சீக்கிரம் தொடங்கி, அதிலேயே அதிகம் பயின்று, வேகமாக முன்னேறியவர்கள். வயது வந்த பிறகு உலக உச்சியைத் தொட்டவர்கள் இதற்கு நேர் எதிர். பிற ஆட்டங்களில் கூடுதல் பயிற்சி பெற்று, தங்கள் ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்கி, ஆரம்பத்தில் மெதுவாகவே முன்னேறியிருக்கிறார்கள். பதினைந்து வயதில் கோப்பை தூக்கவைக்கும் வழியும் இருபத்தைந்து வயதில் தூக்கவைக்கும் வழியும் ஒன்றல்ல.

காரணம் என்ன என்பதற்கு அவர்கள் முன்வைக்கும் விளக்கங்கள் மூன்று. பல ஆட்டங்களை முயன்று பார்ப்பவருக்குத் தன் உடலுக்கும் மனதுக்கும் பொருந்துவது எது என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒரே அசைவை ஆயிரக்கணக்கில் திரும்பச் செய்வதால் வரும் காயமும் சலிப்பும் குறைகின்றன. வெவ்வேறு சூழ்நிலைகளில் கற்றவர் பிற்பாடு புதியதைக் கற்கும் திறனையும் சேர்த்துக் கற்கிறார். ஜிம்னாஸ்டிக்ஸ் போல உச்ச வயது மிக இளமையிலேயே வந்துவிடும் துறைகளில் கணக்கு வேறாக இருக்கலாம். மற்றபடி, ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் 1993இல் வயலின் கலைஞர்களை வைத்து எழுதிய ஆய்விலிருந்து கிளம்பி, ‘பத்தாயிரம் மணி நேரம்’ என்ற மந்திரமாகச் சுருங்கிப்போன நம்பிக்கைக்கு இது பெரிய திருத்தம்.

இந்த ஆய்வில் என்னை அதிகம் சிந்திக்கவைத்தது இன்னொரு செய்தி. பிள்ளைகள் தாங்களாகவே கூடித் தெருவில் ஆடும் ஆட்டம் பிற்கால உச்சத்தோடு பெரிய தொடர்பு காட்டவில்லை. தொடர்பு காட்டியது, பயிற்சியாளர் ஒருவரின் கீழ் பிற ஆட்டங்களைப் பயின்ற காலம். நம்மில் பலர் தெருவோரக் கிரிக்கெட்டைப் பற்றி நெகிழ்ந்து எழுதியிருக்கிறோம். தெருவாட்டத்துக்கு அதற்குரிய மகிழ்ச்சி உண்டு, அதை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் உச்சத்துக்குப் போகும் பாதையில் மைதானத்தோடு ஓர் ஆசானும் வேண்டும். அந்த ஆசானுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் பிள்ளை பக்கத்துத் திடலுக்குப் போவதைப் பார்த்து முகம் சுளிக்காதவராக இருக்க வேண்டும். ரூஃபஸ் டிசூசா போன்றவர்களின் மதிப்பு எனக்கு இங்கேதான் விளங்குகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டு ஆட்டத்திலும் உச்சிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டிய நிலை வரும். சென்னையின் எம்.ஜே. கோபாலனுக்கு அந்த நாள் 1936இல் வந்தது. செங்கல்பட்டுப் பக்கத்து மொறப்பாக்கத்தில் பிறந்து சென்னையில் வளர்ந்த வேகப்பந்து வீச்சாளர். பர்மா ஷெல் நிறுவனத்தில் இருந்த சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் அவர் திறமையைக் கண்டு கைதூக்கிவிட்டார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில், ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவரும் அவரே. மைசூருக்கு எதிரான அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. மறுவருடம் தியான் சந்தின் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய ஹாக்கி அணியிலும் கோபாலன் இருந்தார். இன்றைக்கு இந்த அட்டவணையை யாரிடமாவது காட்டினால் இரண்டு பேருடைய வாழ்க்கை என்றுதான் நினைப்பார்கள்.

1936 கோடையில் இரண்டு கப்பல்கள். ஒன்று பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் ஹாக்கி அணிக்கு, மற்றது இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணிக்கு. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். அந்தச் சுற்றுப்பயணத்தின் மூன்று டெஸ்ட்களில் ஒன்றில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று லண்டன் ஓவலில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப் போட்டியும் அதே ஆகஸ்ட் 15 அன்றுதான் பெர்லினில் நடந்தது. ஜெர்மனியை இந்தியா 8-1 என்று வென்று தங்கம் பெற்றது. கோபாலன் இரண்டிலும் இல்லை. கல்கத்தாவில் ஆடிய ஒரே டெஸ்டோடு அவருடைய டெஸ்ட் கணக்கு முடிந்தது.

அந்த ஓவல் டெஸ்டில் ஆடியவர்களில் இன்னொரு சென்னைக்காரர் உண்டு: கோட்டா ராமசாமி. சென்னைக் கிரிக்கெட்டுக்கு வித்திட்ட புச்சி பாபு நாயுடுவின் மகன். தத்துப் போனதால் வேறு குடும்பப் பெயர். 1922இல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடியவர், பதினான்கு ஆண்டுகள் கழித்து, நாற்பதாவது வயதில், முதல் டெஸ்ட் ஆடினார். மான்செஸ்டரில் 40, 60. ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. இரண்டு டெஸ்டில் 170 ஓட்டங்கள், சராசரி 56.66. அத்துடன் சரி. பிற்காலத்தில் 1985இல் சென்னையில் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவேயில்லை. என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியாது.

ஒரே கப்பலில் போன இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. ராமசாமியின் இரண்டு ஆட்டங்களும் காலத்தால் தள்ளித் தள்ளி வந்தன. ஒன்று மற்றதன் கழுத்தைப் பிடிக்கவில்லை. கோபாலனுக்கு இரண்டும் ஒரே மாதத்தில் மோதின. அவர் தேர்ந்தது தவறா என்று கேட்பது இன்று எளிது. அன்று பெர்லினின் முடிவும் தெரியாது, ஓவல் அணியில் பெயர் வராது என்பதும் தெரியாது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் முன்னால் அந்தத் தேர்வு வந்தது இருபத்தாறு வயதில், இரண்டு ஆட்டத்திலும் நாட்டின் உச்சியை எட்டிய பிறகு. இன்று பதினொரு வயதுக் குழந்தைகளிடம் அதே தேர்வைக் கேட்கிறோம். எட்டிப் பார்ப்பதற்கு முன்பே கதவைச் சாத்துகிறோம்.

பல திறமைகளை ஒரே உடலில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் போட்டி ஒன்று உண்டு. டெகாத்லான். முதல் நாள் 100 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 400 மீட்டர். மறுநாள் 110 மீட்டர் தடை ஓட்டம், வட்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல், ஈட்டி எறிதல், கடைசியில் களைத்துப்போன உடலோடு 1,500 மீட்டர். 7.26 கிலோ குண்டை எறிய உடல் கனம் உதவும். 1,500 மீட்டர் ஓட அதே கனம் இடைஞ்சல். பத்தில் எதிலும் முதலாவதாக வராமலே மொத்தப் புள்ளிகளில் வெல்லலாம். ஒன்றில் மூன்று முறையும் தவறிழைத்தால் இரண்டு நாள் உழைப்பும் போகும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இதையும் பென்டாத்லானையும் சேர்த்து வென்ற ஜிம் தோர்ப் கால்பந்தின் அமெரிக்க வடிவத்தையும் பேஸ்பாலையும் தொழில்முறையாக ஆடியவர். பேஸ்பாலுக்குப் பணம் வாங்கினார் என்று 1913இல் பறிக்கப்பட்ட பதக்கங்களுக்கு அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு ஏற்றது 2022இல்தான்.

கேரளத்தின் டெகாத்லான் பிள்ளை கொல்லத்தைச் சேர்ந்த சுரேஷ் பாபு. உயரம் தாண்டுதல், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல், டெகாத்லான் ஆகிய நான்கிலும் தேசியப் பட்டம் வென்றவர். 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் டெகாத்லானில் வெண்கலம். அதே போட்டியில் வி.எஸ். சௌகான் தங்கம். நான்கு ஆண்டுகள் கழித்துப் பாங்காக்கில் சுரேஷ் பாபு நீளம் தாண்டுதலில் தங்கம் வென்றார். பத்தில் ஒன்றாகப் பயின்றதே அவரைத் தனிப் போட்டியின் உச்சிக்குக் கொண்டுபோனது. இதே கொல்லம் மாவட்டத்தின் டி.சி. யோகன்னான் அதே தெஹ்ரானில் 8.07 மீட்டர் தாண்டி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலைத்த தேசியச் சாதனை படைத்தார். அவர் நீளம் தாண்டுதலுக்கே தன்னைக் கொடுத்தவர். ஆனால் அவர் வீட்டுப் பிள்ளை டினு, இளமையில் உயரம் தாண்டுபவர். பிறகு சென்னையின் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் தேறி, 2001இல் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய முதல் கேரளக்காரர் ஆனார். உலகத் தடகளப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் கொண்டுவந்த அஞ்சு பாபி ஜார்ஜும் ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டாத்லானில் தொடங்கி நீளம் தாண்டுதலுக்கு வந்து சேர்ந்தவரே.

1974க்குப் பிறகு ஆசிய விளையாட்டின் டெகாத்லானில் இந்தியாவுக்கு அடுத்த பதக்கம் 2023இல், ஹாங்சோவில். தில்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர் 7,666 புள்ளிகளோடு வெள்ளி வென்றார், அப்போது அதுவே தேசியச் சாதனை. பள்ளியில் அவர் வேகப்பந்து வீச்சாளர். உயரம் தாண்டுதலுக்கு வந்து 2.29 மீட்டர் என்று தேசியச் சாதனை படைத்து, 2022 காமன்வெல்த் போட்டியில் வெண்கலமும் வென்றவர், டெகாத்லானிலும் இறங்கினார். கிரிக்கெட்டிலிருந்து ஒன்றுக்கு, ஒன்றிலிருந்து பத்துக்கு. ஆசிய விளையாட்டின் டெகாத்லானில் இடையில் நாற்பத்தொன்பது ஆண்டுகள் நமக்கு வெறுமை. இவ்வளவு பெரிய நாட்டில் பத்தும் செய்யக்கூடிய உடல்கள் இல்லாமல் போகவில்லை. பத்தும் சொல்லிக்கொடுக்கும் இடங்களும், பத்துக்கும் பொறுத்திருக்கும் பள்ளிகளும் குறைவாக இருந்தன.

2024 நவம்பரில் கொச்சி ஒரு பெரிய முயற்சியைப் பார்த்தது. தனித்தனியாக நடந்துவந்த கேரளப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளை ஒன்றாக்கி, ஒலிம்பிக் பாணியில் எர்ணாகுளம் மாவட்டத்தின் பதினேழு இடங்களில் ஒரு வாரம் நடத்தினார்கள். ஏறத்தாழ 24,000 மாணவர்கள், 39 விளையாட்டுகள். மாற்றுத்திறன் மாணவர்களும் அதே மேடையில் போட்டியிட்டார்கள். ஓட்டமும் தாண்டுதலும் 1973இன் அதே மகாராஜா கல்லூரி மைதானத்தில், இப்போது செயற்கை ஓடுதளத்தில். நீச்சல் பிள்ளையும் பளு தூக்கும் பிள்ளையும் ஒரே நகரத்தில் ஒரே வாரம் தங்கி, ஒருவர் ஆட்டத்தை மற்றவர் பார்த்த அந்த வாய்ப்பை நான் சிறிதாக எண்ணவில்லை.

ஆனால் அந்த 24,000 பேரில் எத்தனை பேர் இரண்டு வேறு விளையாட்டுகளில் பெயர் கொடுக்க முடிந்திருக்கும்? அட்டவணை இடம் தர வேண்டும், பயிற்சியாளர் விட வேண்டும், மதிப்பெண் முறையும் இடம் கொடுக்க வேண்டும். கேரளத்தில் விளையாட்டுச் சாதனைக்குப் பொதுத் தேர்வில் கிரேஸ் மார்க் உண்டு. அது நல்ல ஏற்பாடு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் மைதானத்தை விடாமல் இருக்க உதவியது. அதே சமயம் மாநில அளவில் இடம் பெறுவதற்கு எது குறுக்குவழியோ அந்த ஒன்றிலேயே பிள்ளையைப் பூட்டிவைக்கும் ஆசையையும் வீட்டிலும் பள்ளியிலும் வளர்க்கிறது. கட்டணம் வாங்கும் அகாடமிக்கோ, பிள்ளை பக்கத்து ஆட்டத்துக்குப் போனால் வருமானம் போய்விடும். பெண் பிள்ளைகளுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். ஒரே ஓர் ஆட்டத்துக்கு மைதானத்துக்கு அனுப்பவே வீட்டில் ஒரு போராட்டம். இரண்டாவதைக் கேட்க எந்த வாயால் கேட்பாள்?

மேற்குக் கொச்சியின் பள்ளிகளில் சொந்த மைதானம் உள்ளவை அதிகமில்லை. பரேடு மைதானமும் வெளி மைதானமும்தான் அவற்றின் உடற்கல்வி வகுப்பறை. விழா, கண்காட்சி, மேடை என்று அந்த மண்ணைக் கேட்டு வருபவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு முறை பந்தலுக்குக் குழி தோண்டி மூடும்போதும் சில வாரங்கள் அந்த வகுப்பறை மூடப்படுகிறது. விடிகாலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எழுத்தில் உறுதி செய்துவிட்டு, மீதி நேரத்தை விழாக்களுக்குக் கொடுப்பது மாநகராட்சிக்கும் வருவாய்த் துறைக்கும் முடியாத காரியமல்ல. அந்த நேரத்தில் சம்பளம் பெறும் பயிற்சியாளர்கள் மூன்று நான்கு பேர், ஒரே பிள்ளையை வாரத்தில் இரண்டு நாள் கால்பந்துக்கும் இரண்டு நாள் ஹாக்கிக்கும் ஒரு நாள் ஓட்டத்துக்கும் அழைத்துக்கொள்ளும் முறை வர வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை எந்தப் பெயரையும் ஒரே ஆட்டத்தின் பதிவேட்டில் நிரந்தரமாக எழுத வேண்டாம். மட்டாஞ்சேரியிலிருந்து கிளம்பிவரும் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகொடுப்பதற்கு ஆகும் செலவு, அவர்கள் பார்க்க வரும் ஒரு பெரிய மைதானத்தின் ஒளிவிளக்குகளுக்கு ஆகும் செலவை எட்டாது.